சிறிய நிறை நிறமாலைமானிகள்: உணர்திறனைக் கூட்டிய வரலாறு

நிறை நிறமாலைமானி என்பது ஒரு பொருளின் மூலக்கூறுகளை மின்னேற்றம் பெற்ற அயனிகளாக மாற்றி, அவற்றை நிறைக்கு ஏற்பப் பிரித்து எண்ணும் கருவியாகும். ஒரு மாதிரியில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன, எவ்வளவு உள்ளன என்பதை அறிய இது பயன்படுகிறது. ஆய்வகக் கருவிகள் மேசையை அடைக்கும் அளவு பெரியவை. நூற்றுக்கணக்கான வாட் மின்சாரம் கொள்பவை. விண்கலங்களிலும், நச்சுவாயு கசிந்த இடங்களிலும், வெடிபொருள் சோதனையிலும் அவற்றைக் கொண்டுசெல்ல முடிவதில்லை. அங்கே சில கிலோகிராம் எடையும், சில பத்து வாட் மின்தேவையும் கொண்ட சிறு கருவியே வேண்டும்.

கருவியைச் சுருக்கும்போது அதன் உணர்திறன் குறைவது இத்துறையின் நெடுநாள் சிக்கல். உணர்திறன் குறைந்த கருவி ஒரு சேர்மத்தைக் காணாவிட்டால், அச்சேர்மம் அங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் முடிவுகள் இந்தக் காரணத்தாலேயே பல பத்தாண்டுகள் விவாதிக்கப்பட்டன.

சிக்கலின் அடிப்படை

எல்லா நிறை நிறமாலைமானிகளிலும் நான்கு பகுதிகள் உண்டு. அயனி மூலம் மூலக்கூறுகளை அயனிகளாக்குகிறது. பகுப்பான் அவற்றை மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ நிறைவாரியாகப் பிரிக்கிறது. உணரி அவற்றை எண்ணுகிறது. இம்மூன்றையும் சூழ்ந்த வெற்றிடத்தைப் பம்புகள் காக்கின்றன.

வெற்றிடம் இல்லையெனில் அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதிச் சிதறிவிடும். காந்தவகை, நான்முனைவகைப் பகுப்பான்களில் அழுத்தம் பொதுவாக 0.00001 டார் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். இது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஏழரைக் கோடியில் ஒரு பங்கு. சிறு கருவியில் எடையையும் மின்சாரத்தையும் பெரிதும் எடுத்துக்கொள்வது இந்த வெற்றிடத்தை உண்டாக்கும் பம்புகளே. பம்பைச் சிறிதாக்கினால் உள்ளே விடக்கூடிய மாதிரி வாயுவின் அளவும் குறைகிறது, அயனிகளும் குறைகின்றன.

பகுப்பானைச் சுருக்குவதிலும் இழப்பு உண்டு. காந்தவகைக் கருவி சிறிதாகும்போது, அடுத்தடுத்த நிறைகளைப் பிரித்துக் காட்ட அயனிகள் நுழையும் பிளவைக் குறுக்க வேண்டியுள்ளது. பிளவு குறுகினால் அதன் வழியே செல்லும் அயனிகள் குறையும். அயனிப் பொறியைச் சுருக்கினால் அதில் அடங்கும் அயனிகளின் எண்ணிக்கை குறையும். ஒரே மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று தள்ளுவதால், சிறு இடத்தில் அளவுக்கு மீறி அடைத்தால் நிறமாலை கலங்கிவிடும்.

உணர்திறனின் மறுபக்கம் பின்னணி. கருவியின் சுவர்களும், முந்தைய மாதிரியின் எச்சமும், விண்கலம் தானே வெளிவிடும் ஆவியும் உணரியில் பதிவாகின்றன. தேடும் சேர்மத்தின் குறிகை இந்தப் பின்னணியிலிருந்து தனித்துத் தெரிந்தால்தான் கண்டறிந்ததாகக் கொள்ளலாம். ஆகவே உணர்திறனைக் கூட்ட இரு வழிகள் உள்ளன: குறிகையை உயர்த்துவது, பின்னணியைத் தாழ்த்துவது.

தொடக்கக் கருவிகள்

ஜே. ஜே. தாம்சன் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் அயனிக் கற்றைகளை மின், காந்தப் புலங்களால் வளைத்து, நியான் வாயுவில் 20, 22 ஆகிய இரு நிறைகளைக் கண்டார். அங்கேயே பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் நிறை நிறமாலைவரைவியை உருவாக்கினார். 1922இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். சிகாகோவில் ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1918இல் அயனிகளை 180 பாகை வளைக்கும் காந்தக் கருவியைச் செய்தார்.

180 பாகைக் கருவியில் அயனியின் பாதை முழுவதும் காந்தத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே பெரிய காந்தம் தேவைப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆல்பிரட் நியர் 1930களில் பயன்படுத்திய காந்தத்தின் எடை சுமார் இரண்டு டன். 1940இல் அவர் அயனிகளை 60 பாகை மட்டும் வளைக்கும் ஆப்பு வடிவப் புலத்தை அமைத்தார். பாதையின் ஒரு சிறு பகுதி மட்டுமே காந்தத்துக்குள் இருந்தால் போதும் என்பதால் காந்தமும் மின்தேவையும் வெகுவாகச் சுருங்கின. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியப் பிரிப்பு ஆலைகளின் கசிவைக் கண்டறிய அவர் வடிவமைத்த ஈலியக் கசிவுமானியும் இந்த வழியில் வந்ததே. ஆய்வகத்தின் ஓர் அறையை விட்டு நகராத கருவி தொழிற்சாலைத் தளத்துக்கு வந்தது இதனால்தான்.

நான்முனையும் அயனிப் பொறியும்

1953இல் பான் பல்கலைக்கழகத்தின் வொல்ப்காங் பவுலும் ஹெல்முட் ஸ்டைன்வெடலும் காந்தமே இல்லாத பகுப்பானை முன்மொழிந்தனர். நான்கு இணைக் கம்பிகளுக்கு உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தையும் நேர் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால், குறிப்பிட்ட நிறையுள்ள அயனிகள் மட்டும் நடுவழியே கடந்துசெல்லும்; மற்றவை கம்பிகளில் மோதி அழியும். இது நான்முனைப் பகுப்பான் எனப்படுகிறது. இதே கொள்கையில் அயனிகளைக் கடக்கவிடாமல் அடைத்துவைப்பது அயனிப் பொறி. இப்பணிக்காகப் பவுல் 1989இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அயனிப் பொறி வணிகக் கருவியாக 1983இல்தான் வந்தது. பின்னிகன் நிறுவனத்தின் ஜார்ஜ் ஸ்டாஃபோர்டு குழுவினர், பொறிக்குள் சுமார் 0.001 டார் அழுத்தத்தில் ஈலியம் இருந்தால் பகுதிறனும் உணர்திறனும் ஒருங்கே கூடுவதைக் கண்டனர். இலேசான ஈலிய அணுக்களோடு மோதி மோதி அயனிகள் வேகம் குறைந்து நடுவில் குவிந்ததே இதற்குக் காரணம். வெற்றிடம் எவ்வளவு உயர்வோ அவ்வளவு நல்லது என்ற பொதுக் கருத்துக்கு இது மாறானது. சிறு கருவிகளை அமைப்போர் அயனிப் பொறியை விரும்பியதற்கு இப்பண்பு முக்கியக் காரணம்: எளிய பம்பு தரும் குறைந்த வெற்றிடத்தையும் அது பொறுத்துக்கொள்ளும்.

நிலவில் பின்னணியின் தொல்லை

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு சிறு காந்தவகை நிறை நிறமாலைமானியை வைத்துவந்தனர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் (டல்லாஸ்) ஜான் ஹாஃப்மன் இதற்குப் பொறுப்பாளர். நிலவின் வாயு உறை மிகமிக மெல்லியது என்பதால் அங்கே பம்பு தேவையில்லை. திறந்த வெளியே வெற்றிடக் கலம்.

எனினும் பகல் வேளையில் கருவி பயன்படவில்லை. வெயிலில் சூடேறிய கருவியும், அருகில் விட்டுவந்த சாதனங்களும் வெளியிட்ட ஆவி, நிலவின் வாயுக்களை முற்றிலும் மூழ்கடித்தது. இரவில் எல்லாம் குளிர்ந்து அடங்கிய பின்னரே நம்பத்தக்க அளவீடுகள் கிடைத்தன. ஈலியமும் ஆர்கான்-40உம் தெளிவாகத் தெரிந்தன. ஆர்கான் குளிர்ந்த இரவுத் தரையில் உறைந்து, சூரிய உதயத்துக்குச் சற்று முன் மீண்டும் கூடுவதும் பதிவாயிற்று. 1973இல் கருவி செயலிழந்தது. உணரி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பின்னணி தாழாமல் பயனில்லை என்பது இப்பணியில் வெளிப்பட்டது.

வைக்கிங்கின் விடை

1976 ஜூலை 20 அன்று வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. செப்டம்பர் 3 அன்று வைக்கிங் 2 இறங்கியது. ஒவ்வொன்றிலும் வாயு நிறப்பிரிகைக் குழாயோடு இணைந்த நிறை நிறமாலைமானி ஒன்று இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கிளாஸ் பீமன் இதன் குழுத் தலைவர். மண் மாதிரியைச் சிற்றடுப்பில் 500 பாகை செல்சியசு வரை சூடாக்கி, வெளிவரும் ஆவியைக் குழாயில் பிரித்து, பகுப்பானுக்கு அனுப்பும் அமைப்பு அது.

ஆவியைச் சுமந்துசெல்ல ஐதரசன் பயன்பட்டது. அதைச் சிறிய அயனிப் பம்பு தாங்காது. ஆகவே பல்லேடியம்-வெள்ளிக் கலவையாலான பிரிப்பான் வழியே ஐதரசன் மட்டும் வெளியேற்றப்பட்டது. கரிமச் சேர்மங்கள் அயனி மூலத்துக்குச் சென்றன. மாதிரியைச் செறிவாக்கி, சுமப்பு வாயுவை நீக்கும் இந்த ஏற்பாட்டால் பல கரிமச் சேர்மங்களை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலும் காண முடிந்தது.

வளிமண்டல ஆய்விலும் இதே உத்தி கைகொடுத்தது. செவ்வாயின் காற்றில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அதை வேதிமுறையில் நீக்கி, மீண்டும் காற்றை நிரப்பி, மீண்டும் நீக்கி என்று பலமுறை செய்தபின் கிரிப்டானும் செனானும் தென்பட்டன. உணரியை மாற்றாமலே கருவியின் உணர்திறன் கூடியது. வைக்கிங் அளந்த செவ்வாய் வாயு விகிதங்களே பின்னாளில், அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு விண்கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயுவோடு ஒத்துப்போய், அந்தக் கல் செவ்வாயிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வழிகோலின.

மண் மாதிரிகளிலோ கரிமச் சேர்மங்கள் தெரியவில்லை. குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் மிகச் சிறிதளவு பதிவாயின. அவை பூமியில் கருவியைத் தூய்மை செய்த கரைப்பான்களின் எச்சம் எனக் கொள்ளப்பட்டன. அதே கலங்களில் கில்பர்ட் லெவினின் உயிரியல் சோதனை சாதகமான குறியைக் காட்டியிருந்தது. ஆனால் கரிமச் சேர்மமே இல்லாத மண்ணில் உயிர் இருக்க முடியாது என்ற வாதம் வென்றது. செவ்வாயில் உயிரைத் தேடும் ஆர்வம் அதன்பின் நெடுங்காலம் தணிந்திருந்தது.

பெர்குளோரேட்டும் மறுவாசிப்பும்

2008 மே 25 அன்று இறங்கிய பீனிக்ஸ் கலம், செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு உப்பு இருப்பதைக் கண்டது. இவ்வுப்பு சூடாகும்போது ஆக்சிசனையும் குளோரினையும் விடுவிக்கும். மண்ணோடு கரிமப் பொருள் இருந்தால் அடுப்பிலேயே எரிந்துபோகும்.

2010இல் ரபேல் நவரோ-கொன்சாலஸ் குழுவினர் சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் மக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கினர். வைக்கிங் கண்ட அதே குளோரோமீத்தேன் வகைகள் உண்டாயின. கரைப்பான் எச்சம் எனத் தள்ளப்பட்டவை செவ்வாயின் கரிமத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று அவர்கள் வாதிட்டனர். பீமன் இதை ஏற்கவில்லை. 2018இல் வைக்கிங் தரவுகளை மறுபடி ஆராய்ந்த மெலிசா குஸ்மன் குழுவினர், வைக்கிங் 2இன் பதிவுகளில் குளோரோபென்சீன் இருப்பதாகத் தெரிவித்தனர்.

இந்த விவாதத்தின் மையம் உணரியின் கூர்மை அன்று. மாதிரி பகுப்பானை அடைவதற்கு முன்பே அழிந்ததா என்பதே கேள்வி. உணர்திறன் என்பது உணரிக்கு மட்டும் உரிய பண்பன்று. மாதிரியை எடுத்து, சூடாக்கி, கொண்டுசேர்க்கும் முழு வழிக்கும் உரியது.

கியூரியாசிட்டியின் வழி

2012 ஆகத்தில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் சாம் ஆய்வுத்தொகுதி சுமார் 40 கிலோகிராம் எடை கொண்டது. நாசாவின் காடார்டு விண்வெளி மையத்தில் பால் மகாஃபி தலைமையில் உருவானது. இதன் நான்முனை நிறை நிறமாலைமானி 2 முதல் 535 வரையிலான நிறைகளை அளக்கும். மிக விரைவாகச் சுழலும் சிறு டர்போ மூலக்கூறு பம்புகள் வெற்றிடத்தைக் காக்கின்றன.

வைக்கிங்கின் பாடம் இதன் அமைப்பில் தெரிகிறது. அடுப்பிலிருந்து வரும் கரிம ஆவி முதலில் ஓர் உறிஞ்சுபொருளில் பிடித்துவைக்கப்படுகிறது. பிறகு அதை விரைவாகச் சூடாக்கி, சேர்ந்தது அனைத்தையும் ஒரே வீச்சில் பகுப்பானுக்கு அனுப்புகின்றனர். பல நிமிடங்கள் மெல்லக் கசிவது சில நொடிகளில் வந்தால் குறிகை உயர்ந்து தெரியும்.

இங்கும் பின்னணித் தொல்லை விடவில்லை. கரிமச் சேர்மங்களை எளிதில் ஆவியாக்க வைத்திருந்த வினைப்பொருளின் ஆவி கருவிக்குள் கசிந்து, முதல் பதிவுகளில் கலந்தது. அக்கசிவின் தடங்களைப் பிரித்தறிந்து கழித்த பின்னர், கம்பர்லாந்து என்ற பாறையைத் துளைத்தெடுத்த தூளில் குளோரோபென்சீன் உறுதி செய்யப்பட்டது. 2015இல் முடிவு வெளியாயிற்று. 2018இல் தயோபீன் போன்ற கந்தகக் கரிமங்கள் அறிவிக்கப்பட்டன. 2025இல் அதே கம்பர்லாந்து தூளில் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் ஆகிய நீள்தொடர்ச் சேர்மங்கள் அறிவிக்கப்பட்டன. ஆக்சிசனை முதலில் வெளியேற்றிவிட்டு, அதன்பின் மாதிரியை மேலும் சூடாக்கியதே இதற்கு உதவியது.

இந்தியக் கருவிகள்

2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்த மோதுகலத்தில் சேஸ் என்ற நான்முனை நிறை நிறமாலைமானி இருந்தது. திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இதை உருவாக்கியது. நிலவின் பகல் பக்கத்தின் மேல் சுமார் 25 நிமிடம் இறங்கியபடியே அது அளந்தது. நிறை 18இல் நீராவிக்கு உரிய குறிகை பதிவாயிற்று. அப்பல்லோ கருவியால் பகலில் அளக்க முடியாததை இது அளந்தது. ஆனால் நேரமோ மிகக் குறைவு.

மங்கள்யானின் மென்கா கருவி 2014 முதல் செவ்வாயின் வெளிவளிமண்டலத்தை ஆராய்ந்தது. அதன் எடை சுமார் 3.5 கிலோகிராம் மட்டுமே. 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் சேஸ்-2 கருவி நெடுநாள் நிலவைச் சுற்றியது. ஒரே இடத்தின் மேல் மீண்டும் மீண்டும் அளக்க முடிந்ததால், ஆர்கான்-40 நிலவின் நடு அகலாங்குகளில் எவ்வாறு பரவியுள்ளது என்பதை 2022இல் தெரிவிக்க இயன்றது. அளக்கும் காலத்தை நீட்டிப் பதிவுகளைக் கூட்டுவதும் உணர்திறனை உயர்த்தும் வழியே.

கைப்பெட்டிக் கருவிகள்

பூமியில் இப்பணியை முன்னெடுத்தவர்களுள் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கிரகாம் குக்ஸ், செங் ஓயாங் குழுவினர் முதன்மையானவர்கள். 2004இல் அவர்கள் எளிய தட்டுகளாலான செவ்வக அயனிப் பொறியை அறிமுகம் செய்தனர். உருண்டை வடிவப் பொறியில் அயனிகள் ஒரு புள்ளியில் நெருங்கும். நீள்வடிவப் பொறியில் ஒரு கோட்டின் நெடுகப் பரவும். ஆகவே அளவு சிறுத்தும் கூடுதல் அயனிகள் அடங்கின. 2006இல் வெளியான மினி 10 கருவி 10 கிலோகிராம் எடையும் 70 வாட் மின்தேவையும் கொண்டிருந்தது.

வெளிக்காற்றில் உண்டாகும் அயனிகளைச் சிறு கருவிக்குள் கொண்டுவருவது அடுத்த தடை. ஆய்வகக் கருவிகளில் நுழைவாய் எப்போதும் திறந்திருக்கும். உள்ளே பாயும் காற்றைப் பெரும் பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்கும். சிறு பம்புக்காக நுழைவாயைக் குறுக்கினால் அயனிகள் வருவதில்லை. 2008இல் லியாங் காவ், குக்ஸ், ஓயாங் ஆகியோர் விட்டுவிட்டுத் திறக்கும் நுழைவாயை வெளியிட்டனர். சிலிக்கோன் குழாயை அழுத்தி மூடும் ஒரு வால்வு, சில பத்து மில்லிநொடிகள் மட்டும் திறக்கும். அப்போது காற்றும் அயனிகளும் பாய்ந்து வரும். அயனிகள் பொறியில் அகப்படும். வால்வு மூடியபின் பம்பு காற்றை இறைக்கும். வெற்றிடம் மீண்டதும் அயனிகள் நிறைவாரியாக வெளியேற்றி எண்ணப்படும்.

பம்பு பெரிதாகவில்லை, அதற்கு வேண்டிய அவகாசம் கொடுக்கப்பட்டது. இதற்கு ஈடாகத் தொடர்ச்சியான அளவீடு கைவிடப்பட்டது. 2010இல் வந்த தாள் தெளிப்பு முறையில், முக்கோணத் தாளில் வைத்த ஒரு துளி இரத்தத்திலிருந்தே அயனிகளை எழுப்ப முடிந்ததால், இவ்வகைக் கருவிகள் மருத்துவச் சோதனைக்கும் ஏற்றவையாயின.

வட கரோலினாவில் மைக்கேல் ராம்சே எதிர்த்திசையில் சென்றார். மில்லிமீட்டருக்கும் சிறிய பொறிகளை மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயக்கினால் சுமார் 1 டார் அழுத்தத்திலும் அவை பணிபுரியும்; டர்போ பம்பே வேண்டாம். பகுதிறன் குறைவது இதற்குரிய விலை. இந்த வழியில் 908 டிவைசஸ் நிறுவனத்தின் சுமார் 2 கிலோகிராம் எடையுள்ள கைக்கருவி 2014இல் வெளிவந்தது. தெரிந்த நச்சுப்பொருட்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தீயணைப்புப் படைக்கு அந்தப் பகுதிறன் போதும்.

ஒரு பிளவுக்குப் பல பிளவுகள்

காந்தவகைக் கருவியின் குறுகிய பிளவுச் சிக்கலுக்கு டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கிளாஸ், ஜேசன் அம்ஸ்டன் முதலியோர் விடை தேடினர். ஒரு குறுகிய பிளவுக்குப் பதில், குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்த பல குறுகிய பிளவுகளை வைத்தனர். ஒவ்வொரு பிளவும் குறுகியதே என்பதால் பகுதிறன் கெடாது. பிளவுகள் பல என்பதால் அயனிகள் கூடும். வரிசை உணரியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் படிமங்களைக் கணினி பிரித்தெடுக்கும். ஒளி நிறமாலையியலில் மார்செல் கோலே 1949இல் முன்வைத்த பல்பிளவு முறையே இதன் மூலம். பகுதிறன் இழப்பின்றிக் குறிகை ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்ததை 2015இல் அக்குழு காட்டியது. சூடான இழைக்குப் பதிலாகக் கார்பன் நானோகுழாய்களிலிருந்து குளிர்நிலையில் எலக்ட்ரான்களைப் பெறும் முயற்சி, மின்தேவையைக் குறைக்கும் நோக்கில் இதனுடன் இணைந்தது.

மதிப்பீடு

ஒரு நூற்றாண்டு வரலாற்றில் உணர்திறனைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் வேறொன்றை விட்டுக்கொடுத்தே வந்தது. நுழைவாயை விட்டுவிட்டுத் திறந்தோர் தொடர் அளவீட்டை விட்டனர். உயர் அழுத்தத்தில் இயக்கியோர் பகுதிறனை விட்டனர். பல பிளவு வைத்தோர் கணக்கீட்டுச் சுமையை ஏற்றனர். எல்லாப் பணிக்கும் ஏற்ற ஒரே சிறு கருவி இதுவரை இல்லை.

வைக்கிங் தந்த பதிவுகள் 1976இலும் 2018இலும் ஒன்றே. மாறியது அவற்றைப் படித்தவர்கள் மண்ணைப் பற்றி அறிந்திருந்த அளவு. ஆகவே ஒரு சிறு கருவி எதையும் காணவில்லை என்று அறிவிக்கும்போது, மாதிரி அதை முழுதாகச் சென்றடைந்ததா, பின்னணி எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருந்திருந்தால் அது கண்டிருக்கும் ஆகிய மூன்றையும் சேர்த்தே அம்முடிவு மதிப்பிடப்பட வேண்டும்.